கணையமும் கணையாழியும்: நோயறிக்கையின் சொற்களைத் தமிழில் அறிதல்

மொழி ஆய்வுக்குரிய மேடையில் புற்றுநோயைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்னும் வினா எழுவது இயல்பே. கோல சிலாங்கூரிலும் அதன் வடக்கே தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வரையிலும் உள்ள தோட்டப்புறக் குடும்பங்களின் நிலையை எண்ணிப் பார்த்தால் விடை தானே கிடைக்கும். திசு ஆய்வின் முடிவு ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. மருத்துவமனையில் கிடைக்கும் விளக்கம் பெரும்பாலும் மலாயில் அமைகிறது. அதை வீட்டில் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் தமிழில் எடுத்துச் சொல்பவர், பல வேளைகளில், இடைநிலைப் பள்ளியிலோ கல்லூரியிலோ பயிலும் பேரப்பிள்ளை. இவ்வாறு மூன்று மொழிகளைக் கடந்து வரும்போது, அறிக்கையில் இருந்த பல சொற்கள் ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன. அச்சொல் ‘புற்றுநோய்’.

இச்சுருக்கம் எல்லா நோய்க்கும் தீங்கு செய்வதன்று. கணையத்தைப் பொறுத்தவரை அது பெருந்தீங்கு செய்யும். கணையத்தில் தோன்றும் கட்டிகள் யாவும் ஒன்றல்ல. அவற்றுட் சில, நுண்ணோக்கியின் கீழ் மட்டுமே வேறுபடுத்தி அறியத்தக்கவை. வேறுபடுத்தி அறிந்தபின் அவற்றின் மருத்துவமும் வேறு, எதிர்பார்ப்பும் வேறு. மருத்துவ முடிவு மருத்துவருக்கே உரியது. ஆயினும் அம்முடிவைத் தாங்கி வரும் சொற்களைச் சிதையாமல் வீடுவரை கொண்டு சேர்ப்பது மொழி கற்றவரின் பொறுப்பு. அப்பொறுப்பைப் பற்றியே இங்குப் பேச முற்படுகிறோம்.

கணையம் என்னும் சொல்

பழந்தமிழில் ‘கணையம்’ கோட்டைக் காவலோடு தொடர்புடைய சொல். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை, மதுரை மதிலின் காவற்கருவிகளை அடுக்கிக் கூறுமிடத்தில் இச்சொல் வருகிறது. இன்று தமிழகத்திலும் மலேசியாவிலும் அது ஓர் உடலுறுப்பின் பெயராகவே வழங்குகிறது. இலங்கைத் தமிழர் அதே உறுப்பைச் ‘சதையி’ என்பர். ‘பாங்கிரியாசு’ என்னும் கிரேக்கப் பெயரின் பொருள் ‘முழுதும் சதை’ என்பதாகும். அதற்கு நேராக அமைந்த சொல்லாகச் சதையியைக் கொள்ளலாம். யாழ்ப்பாணத்து உறவினரோடு பேசும் குடும்பங்கள் இவ்விரண்டும் ஒன்றே என்பதை அறிந்திருத்தல் நன்று.

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், ஏறத்தாழ 15 செ.மீ. நீளத்தில் குறுக்காகக் கிடக்கும் உறுப்பு இது. இதில் மூவகை உயிரணுக்களை நாம் மனத்திற் கொள்ள வேண்டும். செரிமான நீரைச் சுரப்பவை ஒரு வகை. அவை பழக்குலைபோல் சிறு சிறு கொத்துகளாக அமைந்தவை. அந்நீரைச் சிறுகுடலுக்குக் கொண்டு செல்லும் நாளங்களின் உட்சுவரை அமைப்பவை இரண்டாம் வகை. இன்சுலின் முதலியவற்றைக் குருதியில் சேர்க்கும் தீவுகள் மூன்றாம் வகை. இத்தீவுகளை 1869-இல் தம் ஆய்வேட்டில் விவரித்தவர் செருமானிய மாணவர் பவுல் லாங்கர்கான்சு. மூவகையிலிருந்தும் கட்டி தோன்றலாம். ஆயினும் கணையப் புற்றுகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது, நாள உயிரணுக்களின் இயல்பைக் காட்டும் ‘கணைய நாளச் சுரப்பிப் புற்று’ ஆகும். பொதுவாகக் கணையப் புற்றுநோய் என்று அஞ்சப்படுவது இதுவே. அவ்வச்சத்துக்குக் காரணம் உண்டு. இது பெரும்பாலும் காலந்தாழ்ந்தே கண்டறியப்படுகிறது. அறுவை மருத்துவத்துக்கு இடமளிப்பதும் சிலரிடத்தே மட்டும்.

வெளித்தோற்றம் சொல்லாதது

மஞ்சட்காமாலை, உடல் மெலிவு, மேல்வயிற்றிலிருந்து முதுகுக்குப் பரவும் வலி, புதிதாகத் தோன்றும் நீரிழிவு ஆகியன கணையக் கட்டியின் அறிகுறிகள். இவை எந்த வகைக் கட்டியிலும் வரக்கூடும். ஊடுகதிர்ப் படமும் கட்டியின் இடத்தையும் அளவையும் காட்டும். சில வேளைகளில் வகையைப் பற்றிய குறிப்பையும் தரும். உறுதிசெய்யும் ஆற்றல் அதற்கு எப்போதும் இருப்பதில்லை.

இதனை விளக்க நம் வட்டாரத்திலேயே தக்க எடுத்துக்காட்டு உண்டு. முன்னர்ப் பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கிய இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை பயிரிடப்பட்டது. செம்பனையில் டூரா, பிசிபெரா, தெனெரா என மூவகை உண்டு. மரத்தைப் பார்த்தோ, குலையைப் பார்த்தோ, பழத்தின் நிறத்தைப் பார்த்தோ இவற்றைப் பிரித்தறிய இயலாது. பழத்தைக் குறுக்கே அறுக்க வேண்டும். தடித்த ஓடு இருந்தால் டூரா. ஓடே இல்லையெனில் பிசிபெரா. மெல்லிய ஓடும் அதனைச் சுற்றிக் கரிய நார்வளையமும் இருந்தால் தெனெரா. இரண்டின் கலப்பே தெனெரா என்பது 1941-இல் காங்கோ நாட்டில் வெளியான ஆய்வால் தெளிவாயிற்று. அன்று நடப்பட்டது டூரா. இன்று நம்மைச் சுற்றி நிற்பவை பெரும்பாலும் தெனெரா. தோட்டத்தில் பழகியவருக்கு ‘அறுத்துப் பார்த்தால்தான் வகை தெரியும்’ என்னும் உண்மை புதிதன்று. கணையக் கட்டிக்கும் அதுவே நெறி.

நுண்ணோக்கியின் கீழ்

இன்று பெரும்பாலும் வாய்வழியாக உள்நோக்கிக் குழாயைச் செலுத்தி, ஒலியலைப் படத்தின் துணையோடு, இரைப்பை அல்லது முன்சிறுகுடலின் சுவர் வழியே நுண்ணூசியால் கணையத் திசு எடுக்கப்படுகிறது. அதை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு தடிமனுள்ள சீவல்களாக அறுத்துச் சாயமேற்றுவர். மத்திய அமெரிக்க மரமொன்றின் வைரத்திலிருந்து பெறப்படும் ஏமடாக்சிலின் உயிரணுவின் கருவை நீலமாக்கும்; இயோசின் என்னும் சாயம் எஞ்சிய பகுதியைச் செந்நிறமாக்கும். நோயியல் வல்லுநர் படிப்பது இந்நீலமும் சிவப்பும் அமைந்திருக்கும் ஒழுங்கையே.

வழக்கமான நாளச் சுரப்பிப் புற்றில், ஒழுங்கற்ற சிறு சுரப்பிக் குழாய்கள் அடர்ந்த நார்த்திசுவுக்குள் சிதறிக் கிடக்கும். இவ்வமைப்புக் காணப்படாதபோது, வல்லுநர் ‘இது வேறொன்றோ’ என ஐயுறுகிறார். அவ்வையமே அரிய வகைகளை அறிவதன் தொடக்கம். அதன்பின், குறிப்பிட்ட புரதங்களை மட்டும் பற்றிக்கொண்டு நிறம் காட்டும் எதிர்ப்பொருட் சாயச் சோதனைகள் கூடுதலாகச் செய்யப்படும்.

அரிய வகைகளும் அவற்றின் பெயர்களும்

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட செரிமான மண்டலக் கட்டிகளின் வகைப்பாட்டு நூல், 5-ஆம் பதிப்பில், நாளச் சுரப்பிப் புற்றின் உட்பிரிவுகள் பலவற்றை வரையறுத்துள்ளது. அவற்றுள் மாணவர் அறியத்தக்க சிலவற்றைத் தமிழ்ப்பெயர் தந்து காண்போம். இப்பெயர்கள் சில நாம் பரிந்துரைப்பவை.

முதலாவது, சுரப்பி–செதிள் கலப்புப் புற்று. சுரப்பி அமைப்போடு, தோலில் காணப்படுவன போன்ற தட்டையான செதிள் உயிரணுக்களும் கலந்திருக்கும். செதிட்பகுதி குறைந்தது 30 விழுக்காடு இருத்தல் வேண்டும் என்பது வரையறை. இது வழக்கமான வகையினும் கடுமையானது. ஊசியால் எடுத்த சிறு துணுக்கைக் கொண்டு விழுக்காட்டைத் துணிய இயலாது. ஆதலால் முதல் அறிக்கையில் ‘செதிட்கூறு காணப்படுகிறது’ என்று மட்டும் எழுதப்படலாம்.

இரண்டாவது, கூழ்மப் புற்று. வழுவழுப்பான கூழ்க்குளங்கள் பெரும்பகுதியை, குறைந்தது 80 விழுக்காட்டை, நிறைத்திருக்க, அவற்றுள் புற்றுயிரணுக்கள் சிறு திரள்களாக மிதக்கும். அறுவையால் அகற்றப்பட்டவிடத்து, வழக்கமான வகையைவிட இதன் விளைவு நன்று.

மூன்றாவது, மச்சைவகைப் புற்று. எலும்புக்குள் இருக்கும் மென்பொருளுக்கு மச்சை என்று பெயர். இக்கட்டியின் மென்மை கருதி அப்பெயர் இடப்பட்டது. உயிரணுக்கள் எல்லை தெரியாமல் திரண்டு, நார்த்திசு குறைந்து, வெள்ளணுக்கள் சூழ்ந்து காணப்படும். இவ்வகையுள் ஒரு பகுதி, மரபணுப் படியெடுப்பின் பிழைகளைத் திருத்தும் பொறிமுறை குன்றியதால் தோன்றுவது. அக்குறை லிஞ்சு நோய்க்குறித்தொகை என்னும் பெயரில் குடும்பத்தில் வழிவழியாக வருவதாகவும் இருக்கலாம். எனவே இங்கு ஒரு பெயர் இரண்டு கதவுகளைத் திறக்கிறது. ஒன்று, இக்குறையுடைய கட்டிகளுக்கென 2017-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற நோயெதிர்ப்பு மருத்துவம். மற்றொன்று, பிள்ளைகளும் உடன்பிறந்தாரும் பெருங்குடற்புற்று முதலியவற்றுக்காக முன்னரே சோதித்துக்கொள்ளும் வாய்ப்பு. ‘கணையத்தில் புற்றுநோயாம்’ என்று மட்டும் வீட்டில் சொன்னால் இவ்விரண்டும் அடைபட்டுப் போகும்.

நான்காவது, பேருயிரணு கொண்ட வேறுபாடுறாப் புற்று. எலும்பைக் கரைத்துச் சீரமைக்கும் உயிரணுக்களை ஒத்த, பல கருக்களையுடைய பெரிய உயிரணுக்கள் இதிற் காணப்படும். காண்பவரை அச்சுறுத்தும் அப்பேருயிரணுக்கள் புற்றைச் சேர்ந்தவையல்ல. அவை உடலின் தூய்மைக் காவலரான விழுங்கணுக்களின் இனம். புற்றுயிரணுக்கள் அவற்றினிடையே வேறாக உள்ளன. தோற்றம் வேறு, தன்மை வேறு என்பதற்கு இது தக்க சான்று.

ஐந்தாவதன் பெயர் நமக்குத் தனிப்பட்ட முறையில் சிந்தனைக்குரியது. உயிரணுவின் உள்ளே கூழ் நிறைந்து, கருவை ஓரத்துக்குத் தள்ளிவிட, அது முத்திரை பதித்த மோதிரம்போல் தோன்றும். முத்திரை மோதிரத்துக்குத் தமிழில் ‘கணையாழி’ என்னும் அழகிய சொல் உண்டு. அனுமன் சீதையிடம் காட்டியது கணையாழியே என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். ஆகவே ‘கணையாழி உயிரணுப் புற்று’ என்று பெயரிட நாவும் மனமும் விழையும். இவ்விடத்தில் அவ்விழைவை அடக்குதல் வேண்டும் என்பது நம் கருத்து. கணையாழி என்ற சொல் காதில் விழுந்த அளவிலேயே, அது கணையத்துக்கு உரியது எனக் கேட்பவர் கருதுவார். உண்மையோ அதற்கு மாறானது. இவ்வுயிரணுக்கள் இரைப்பைப் புற்றிலேயே மிகுதியாகக் காணப்படுவன; கணையத்தில் மிக அரியன. கணையத்தில் இவற்றைக் கண்ட வல்லுநர், இரைப்பை முதலிய பிற உறுப்புகளிலிருந்து வந்தனவா என்று ஆராய்ந்த பின்னரே முடிவெழுதுவார். நல்ல சொல்லே ஆயினும் தவறான இடத்தைச் சுட்டுமாயின் அது நல்ல கலைச்சொல் ஆகாது. ‘முத்திரை மோதிர உயிரணு’ என்பதே இங்குத் தகும்.

பெயரால் மட்டும் ஒன்றுபட்டவை

மேற்கண்டவை நாளப்புற்றின் உட்பிரிவுகள். கணையத்தில் தோன்றினும் அவ்வினத்தைச் சேராத கட்டிகளும் உள. செரிமான நீரைச் சுரக்கும் கொத்துகளின் இயல்பைக் காட்டுவது குலையுயிரணுப் புற்று. அதன் இலத்தீன் பெயரின் வேரும் திராட்சை போன்ற சிறுகனியையே குறிக்கும். டிரிப்சின் என்னும் செரிமானப் புரதத்தைச் சாயச் சோதனையில் காட்டி அதனை அறிகின்றனர்.

திண்மப் போலிக்காம்புக் கட்டி என்பது பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருவது. 1959-இல் வெர்சீனியா பிராண்ட்சு என்னும் அமெரிக்க நோயியல் வல்லுநர் இதனை முதன்முதல் விவரித்தார். இது பெரிதாக வளர்ந்திருப்பினும், முழுமையாக அகற்றப்பட்டால் மிகப் பெரும்பாலோர் நலமடைகின்றனர். இருபது அகவைப் பெண்ணொருத்தியின் வீட்டில் இக்கட்டியும் ‘கணையப் புற்றுநோய்’ என்ற பொதுப்பெயரால் அறிவிக்கப்பட்டு, அக்குடும்பம் நம்பிக்கையிழந்து அறுவையை மறுத்தால், கைவிடப்படுவது காக்கக்கூடிய ஓர் உயிர்.

தீவுகளின் இனத்தைச் சேர்ந்த நரம்பு–நாளமில்லாச் சுரப்பிக் கட்டி இன்னொன்று. ஆப்பிள் நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான ஸ்டீவ் ஜாப்சுக்கு 2003-இல் கண்டறியப்பட்டது இதுவே. அவர் 2011-இல் மறைந்தபோது செய்திகள் பலவும் கணையப் புற்றுநோய் என்றே எழுதின. அச்சொல்லை மட்டும் கொண்டவர்க்கு, எட்டாண்டுகள் அவர் வாழ்ந்தது எவ்வாறு என்பது விளங்காது. வகையை அறிந்தவர்க்கு அது புதிரன்று.

இறுதியாக, புற்றே அல்லாத போலியும் ஒன்று உண்டு. உடலின் தற்காப்பு ஆற்றல் தன் கணையத்தையே தாக்குவதால் வரும் அழற்சி, படத்தில் கட்டி போலவே தோன்றும், காமாலையும் தரும். 2001-இல் சப்பானிய ஆய்வாளர்கள், இந்நோயாளரின் குருதியில் ஐஜிஜி4 என்னும் எதிர்ப்புரதம் மிகுந்திருப்பதை வெளியிட்டனர். இது ஸ்டீராய்டு மருந்துக்கு அடங்குவது. புற்றெனக் கருதி அறுத்தெடுக்கப்பட்ட கணையங்கள் சிலவற்றில் இவ்வழற்சியே இருந்தது மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளது. இதன் மறுதலையும் உண்டு. இந்தோனேசியாவில் 1959-இல் விவரிக்கப்பட்டு, பின்னர்க் கேரளத்தில் மருத்துவர் கீவர்கீசு விரிவாக ஆராய்ந்த வெப்பமண்டலக் கணையக் கல்நோய், நீண்டகால அழற்சியால் கணையத்தை நாராக்கிவிடும். இந்நோயாளருக்குப் புற்று வரும் வாய்ப்பு மிகுதி என்பதைச் சென்னை மருத்துவர் வி. மோகன் பங்கேற்ற ஆய்வு 1994-இல் காட்டியது. பழைய அழற்சியையும் புதிய புற்றையும் பிரித்தறிவது இங்கு நுண்ணோக்கிக்கும் எளிதன்று.

வகை, தரம், நிலை

தோட்டப்புறப் பேச்சில் ‘ஸ்டேஜ்’ என்னும் ஒரு சொல் மூன்று பொருளுக்கு வழங்குகிறது. தமிழிலோ மூன்று தனிச்சொற்கள் ஆயத்தமாக உள்ளன. எந்த உயிரணுவின் இனம் என்பது ‘வகை’. அவ்வுயிரணு இயல்பிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பது ‘தரம்’. உடலில் எவ்வளவு தொலைவு பரவியுள்ளது என்பது ‘நிலை’. வகையையும் தரத்தையும் நுண்ணோக்கி சொல்லும். நிலையைச் சொல்லப் படங்களும் அறுவையும் வேண்டும். ‘எந்த ஸ்டேஜ்?’ என்று மட்டும் வினவும் குடும்பம், ‘எந்த வகை?’ என்ற முதல் வினாவைக் கேளாமலே திரும்பிவிடுகிறது.

ஐயத்தின் இலக்கணம்

நோயறிக்கையை மொழிபெயர்ப்பதில் பெயர்ச்சொல்லைவிட வினைமுற்றே மிகுந்த இடர் தருவது. வல்லுநர் தம் உறுதியின் அளவை முற்றில் வைக்கிறார். ‘புற்று ஆகும்’ என்பது துணிபு. ‘புற்றோடு ஒத்துள்ளது’ என்பது பிற சான்றுகளோடு சேர்த்துக் கொள்ளற்பாலது. ‘புற்றெனக் கருத இடமுண்டு’ என்பது ஐயம். ‘புற்றுயிரணு காணப்படவில்லை’ என்பது ‘புற்று இல்லை’ என்பதாகாது. ஊசி சென்ற இடத்தில் காணப்படவில்லை என்பதே அதன் பொருள். ‘திசு போதவில்லை’ என்பது நோயைப் பற்றிய செய்தியே அன்று. சோதனையை மீண்டும் செய்க என்னும் வேண்டுகோள். இவ்வைந்தையும் ‘இருக்கு’, ‘இல்லை’ என்ற இரண்டாக்கிச் சொல்லுதல் மொழிபெயர்ப்பாகாது.

இந்நுட்பம் நம் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியக் கிளவியாக்கம், ஐயத்திற்கிடமான பொருளை எவ்வாறு சொல்ல வேண்டும் என்று விதிக்கிறது. தொலைவில் நிற்பது கட்டையோ மனிதனோ என ஐயுறும்போது, இரண்டுக்கும் பொதுவான ‘உரு’ என்னும் சொல்லால் குறிக்க வேண்டும். துணிந்த பின்னரே உரிய பெயரால் கூற வேண்டும். நோயியல் வல்லுநர் துணியாதவிடத்துப் பொதுப்பெயரால் ‘கட்டி’ என்றெழுதி, மேற்சோதனைக்குப் பின் வகைப்பெயர் தருவதும் இந்நெறியே. இடையில் நிற்கும் நாம் அவருக்கு முந்திப் பெயரிட்டுவிடலாகாது.

ஆசிரியர் செய்யத்தக்கது

1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்று மருத்துவராயினர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இயன்றது இன்று இயலாதென்பதற்கில்லை. முழு மருத்துவத்தையும் தமிழில் கற்பிக்க நாம் வேண்டவில்லை. மேனிலை வகுப்பில் மொழிபெயர்ப்புப் பயிற்சியாக, ஆளின் பெயர் நீக்கிய மாதிரி அறிக்கை ஒன்றை ஆசிரியரே அமைத்து, மாணவரைத் தமிழில் விளக்கச் செய்யலாம். வகை, தரம், நிலை ஆகிய மூன்றையும், துணிபு, ஐயம், போதாமை ஆகிய மூன்றையும் அவர்கள் பிரித்துச் சொல்கின்றனரா என்பதே மதிப்பீடாகட்டும்.

அம்மாணவர் ஒருநாள் தம் தாத்தாவோடு மருத்துவர்முன் அமர நேர்ந்தால், மூன்று வினாக்களைக் கேட்கத் தெரிந்திருத்தல் வேண்டும்: திசு எடுத்துப் பார்த்தாயிற்றா? என்ன வகை என்று எழுதியுள்ளனர், அது துணிபா ஐயமா? வகையை உறுதிசெய்ய மேலும் சாயச் சோதனையோ மரபணுச் சோதனையோ, வேறொரு வல்லுநரின் பார்வையோ தேவையா? சாயமேற்றிய கண்ணாடித் தகடுகளும் மெழுகுக் கட்டிகளும் ஆய்வகத்தில் பாதுகாக்கப்படுவன. அவற்றை மீண்டும் பார்க்கச் செய்ய இயலும். அறிக்கையின் படியொன்றைக் கேட்டுப் பெற்று வீட்டில் வைத்திருப்பதும் நன்று.

இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடை, பெரும்பாலான நேரங்களில், வழக்கமான நாளச் சுரப்பிப் புற்று என்பதாகவே இருக்கும். அரிய வகைகள் அரியவையே. பொய்நம்பிக்கை ஊட்டுவது நம் நோக்கமன்று. அவ்வாறாயினும், தம் நோயின் பெயரைத் தம் மொழியில் சரியாகக் கேட்டறிந்தவர், எஞ்சிய காலத்தையும் மருத்துவத்தையும் தாமே முடிவுசெய்ய இயலும். அரிய வகையாக இருப்பின், அப்பெயர் வீடு வந்து சேர்வதே மருத்துவத்தின் முதற்படி. இரண்டிடத்தும் பேரப்பிள்ளை சொல்ல வேண்டியது ஒன்றே. அறிக்கையில் எழுதியிருப்பதை, எழுதிய அளவில், கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லுதல்.